கணினிக் கருவை அமைத்தலும் வழுக் களைதலும்

இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் என்னைக் கேட்டபொழுது, இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனொருவன் கணினியின் உட்பகுதியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இன்றைய கணினிப் பாடநூல்கள் செய்நிரலில் உள்ள பிழையை 'வழு' என்றும், அதனைத் தேடித் திருத்துதலை 'வழுநீக்கல்' என்றும் வழங்குகின்றன. வழாநிலை, வழு, வழுவமைதி என்பவற்றைக் கரும்பலகையில் எழுதியே காலங் கழித்தவனுக்கு அச்சொல்லே ஓர் அழைப்பாயிற்று. சில ஆண்டுகளாக ஓய்வு வேளைகளில், பழைய கணினியொன்றை வைத்துக்கொண்டு யான் கற்றவற்றையும், கற்கும்போது இழைத்த தவறொன்றையும் ஈண்டுக் கூறுவேன். பொறியியற் றுறையில் விளங்கும் பழைய மாணவர்கள் குறை காணின் பொறுத்தருள்வாராக.

கரு என்பது யாது?

கணினியை இயக்கியதும் நாம் காண்பவை கடிதம் எழுதும் செய்நிரல், படங் காட்டும் செய்நிரல், இணையத்தில் உலாவும் செய்நிரல் முதலியன. இவற்றுள் எதுவும் நினைவகத்தையோ வட்டையோ விசைப்பலகையையோ நேரிற் கையாள்வதில்லை. எந்தப் பணிக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்று பங்கிட்டுக் கொடுத்தலும், சாதனங்களோடு பேசுதலும் ஆகிய பொறுப்பு முழுவதையும் பணிசெயல் முறைமையின் நடுவே நிற்கும் ஒரு செய்நிரலே ஏற்றிருக்கின்றது. அதனைக் கெர்னல் என்பர். நாம் கரு என்போம்.

சாதாரணச் செய்நிரலொன்று பிழைபட்டால் அதனைக் கரு நிறுத்திவிடும். ஏனையவை தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். கருவே பிழைபட்டாலோ, அதனை நிறுத்துதற்கும், நிகழ்ந்ததைக் குறித்து வைத்தற்கும் அதற்கு மேலே ஒருவருமில்லை. ஆதலின், தன் வழுவைத் தானே கண்டு தானே சொல்லும் ஆற்றலைக் கருவைக் கட்டும்பொழுதே அதனுள் வைத்தல் வேண்டும். எதனை வைப்பது, எதனை விடுவது என்னும் தெரிவே இக்கட்டுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக லினக்ஸ் என்னும் கருவைக் கொள்வோம். பின்லாந்து நாட்டிலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இதனைப் பற்றி அறிவித்து, செப்டெம்பரில் முதன்முதலாக வெளியிட்டார். அன்று அதன் மூல நிரல் ஏறக்குறைய 10,000 வரிகளே. இன்று அது மூன்று கோடி வரிகளையும் கடந்து நிற்கின்றது. அதனை யாவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அன்ட்ரொய்ட் கைப்பேசிகள் அனைத்தும் இக்கருவினாலேயே இயங்குகின்றன. 2017 நவம்பர் முதல், உலகின் மிக விரைவான 500 கணினிகளின் பட்டியலில் இடம்பெறுவன யாவும் இக்கருவையே உடையன.

சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசிக்கும் பெரிய மண்டபத்தை நிரப்பும் கணினிக்கும் ஒரே மூல நிரல் எங்ஙனம் பொருந்தும்? பொருந்துமாறு தெரிந்து கட்டுவதனாலேயே பொருந்தும்.

தெரிவு செய்யும் முறை

லினக்ஸின் மூல நிரலிலே தெரிவுகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை உள. அவற்றை ஒழுங்குபடுத்திக் காட்டுவது 'கேகொன்பிக்' என்னும் ஏற்பாடு. அது 2002ஆம் ஆண்டில் ரோமன் சிப்பல் என்பவரால் ஆக்கப்பட்டுக் கருவோடு சேர்க்கப்பட்டது. தெரிவுகளுட் பெரும்பாலானவற்றுக்கு விடை மூன்றே. 'ஆம்' எனின் அப்பகுதி கருவின் உடம்போடு ஒட்டிக் கட்டப்படும். 'இல்லை' எனின் விடப்படும். மூன்றாவது விடை 'மொடியூல்' என்பது. அப்பகுதி தனிக்கூறாகக் கட்டப்பட்டு வட்டில் இருக்கும், வேண்டியபோது கருவோடு வந்து சேரும். ஒரு தெரிவு மற்றொன்றைச் சார்ந்திருத்தலுமுண்டு. வலையமைப்பே வேண்டாவென்று விடுத்தால், அதன் கீழ் வரும் நூற்றுக்கணக்கான வினாக்கள் தாமே மறைந்துவிடும்.

தொடங்குவோர் பத்தாயிரம் வினாவுக்கும் விடையிறுக்க வேண்டியதில்லை. 'மேக் டெப்கொன்பிக்' என்று கட்டளையிட்டால், அவ்வகைப் பொறிக்குப் பொதுவாக ஏற்ற விடைகள் தாமே நிரம்பும். 'மேக் லோக்கல்மொட்கொன்பிக்' என்பது, அவ்வேளை அக்கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும் தனிக்கூறுகளைப் பார்த்து, வேண்டாதவற்றை விலக்கும். கட்டும் நேரம் இதனாற் பெரிதுங் குறையும். ஆனால், அச்சுப்பொறி முதலிய கருவிகளை இணைத்து வைத்த பின்னரே இக்கட்டளையை இடுதல் வேண்டும். அன்றேல் அவற்றுக்குரிய கூறுகளும் விலக்கப்பட்டுவிடும். அதன்பின் 'மேக் மெனுகொன்பிக்' என்று இட்டால் அட்டவணையொன்று தோன்றும். வேண்டியவற்றை அதிலே மாற்றிக்கொள்ளலாம். புதிய பதிப்புக்கு மாறும்போது 'மேக் ஓல்ட்டெப்கொன்பிக்' என்பது பழைய விடைகளைக் காத்து, புதிய வினாக்களுக்கு மட்டும் பொது விடைகளை நிரப்பும்.

இவ்விடைகளெல்லாம் 'கொன்பிக்' என்னும் ஒரு கோப்பிலே எழுதப்படும். அதன் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்குவதால், கோப்புகளின் பட்டியலைச் சாதாரணமாகப் பார்ப்போர் கண்ணுக்கு அது தோன்றாது. கண்ணுக்குத் தோன்றாத இச்சிறு கோப்பின் அருமையை யான் அறிந்த விதத்தைச் சொல்கின்றேன்.

யான் இழைத்த தவறு

முதன்முறை கருவைக் கட்டியபோது, வட்டின் செலுத்தியையும் வட்டிலுள்ள கோப்பு முறையை வாசிக்கும் பகுதியையும் 'ஆம்' என்று வையாமல், தனிக்கூறாக வைத்தேன். வேண்டியபோது வந்து சேருமே என்பது என் எண்ணம். பழைய கணினி இரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்துக் கருவைக் கட்டி முடித்தது. இயக்கினேன். மூல வட்டை ஏற்ற முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கரு நின்றுவிட்டது.

காரணம் எளிது. வட்டை வாசிக்கும் கூறு வட்டினுள்ளே இருந்தது. அதனை எடுக்க வட்டை வாசித்தல் வேண்டும். வட்டை வாசிக்க அக்கூறு வேண்டும். திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன் நிலை எனது நிலையாயிற்று. இத்தகைய கூறுகளை முதலிலேயே நினைவகத்தில் ஏற்றித் தரும் சிறு தொகுதியொன்றைக் கருவுடன் சேர்த்து வைத்தல் வழக்கம். அதனை யான் ஆக்கியிருக்கவில்லை.

நற்காலமாகப் பழைய கருவை அழியாது வைத்திருந்தமையால் அதனைக்கொண்டு கணினியை மீண்டும் இயக்கினேன். ஆனால், பதற்றத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குவோமென்று 'மேக் மிஸ்ரர்புரோப்பர்' என்னும் கட்டளையை இட்டேன். 'மேக் கிளீன்' என்பது கட்டியவற்றை மட்டும் துடைக்கும். யான் இட்டதோ கொன்பிக் கோப்பையும் சேர்த்துத் துடைப்பது. பல மாலைப் பொழுதுகளில் ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்த விடைகள் ஒரு நொடியில் ஒழிந்தன.

வெளிநாட்டிலே பொறியியலாளராயிருக்கும் நம் பழைய மாணவரொருவருக்கு நிகழ்ந்ததை எழுதினேன். அவர் உடனே மறுமொழி விடுத்தார்: "சேர், உங்கள் கொன்பிக் கோப்பை அனுப்புங்கள். அதைப் பாராமல் நான் எதுவுஞ் சொல்ல இயலாது." அனுப்புதற்கு என்னிடம் அஃது இல்லை. செய்கை வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனைக் கணித ஆசிரியர் எங்ஙனம் திருத்துவார்? அன்று யான் அம்மாணவன் இடத்தில் நின்றேன். என் மாணவராயிருந்தவர் ஆசிரியர் இடத்தில் நின்றார்.

அவர் பின்னர் எழுதிய கடிதத்திலிருந்து ஒன்று கற்றேன். கொன்பிக் கோப்பின் படியொன்றைக் கருவின் உள்ளேயே வைத்துக் கட்டும் தெரிவொன்று உண்டு. அதன் பெயர் 'ஐகேகொன்பிக்'. அதற்கு 'ஆம்' என்று விடை கூறியிருந்தால், கோப்பு அழிந்த பின்னரும் கட்டிய கருவிலிருந்தே அதனை மீட்டிருக்கலாம். யான் 'இல்லை' என்று விட்டிருந்தேன்.

வழுக் களையும் தெரிவுகள்

மெனுகொன்பிக் அட்டவணையின் இறுதியில் 'கெர்னல் ஹக்கிங்' என்னும் பகுதி உளது. வழுக் களைதற்குரிய தெரிவுகளுட் பெரும்பாலானவை அங்கேயே உள்ளன. அவற்றை அவை செய்யும் தொழில் பற்றி ஐந்து வகையாகப் பிரித்து விளக்குவேன்.

முதலாவது, பெயர் சொல்லும் வசதி. கரு இடறும்போது, எந்த இடத்தில் இடறிற்று என்பதை எண்ணாகவே அறியும். 'கோல்சிம்ஸ்' என்னும் தெரிவு அவ்வெண்ணுக்குரிய செயற்கூற்றின் பெயரைத் தரும். 'டிபக் இன்போ' என்பது மூல நிரலின் எந்தக் கோப்பில் எத்தனையாம் வரி என்பதுவரை காட்ட உதவும். இதனைச் சேர்த்தால் கட்டிய கோப்பு பல நூறு மெகாபைற்றாகப் பெருகும். எனினும் அப்பெருக்கம் வட்டிலேயே தங்கும், இயங்கும் கருவின் வேகத்தைக் குறைக்காது.

இரண்டாவது, நினைவகக் காவல். ஒரு பகுதி தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறந்துபோய் மீண்டும் பயன்படுத்துதல் கருவில் நிகழும் கொடிய வழுக்களுள் ஒன்று. வீட்டை விட்டுப் போன குடியிருப்பாளர் பழைய திறவுகோலைக் கொண்டு, புதியவர் குடியிருக்கும் வீட்டினுள் நுழைவதை ஒக்கும் இது. கெடுதி ஓரிடத்தில் நிகழ, விளைவு வேறோரிடத்தில் தோன்றும். நினைவகத் துண்டுகளைச் சோதிக்கும் தெரிவை இயக்கினால், திருப்பிக் கொடுத்த பைற்றுகளிற் பதினாறன் எண்முறையில் '6பி' என்னும் குறி நிரப்பப்படும். பிழைச் செய்தியிலே '6பி 6பி 6பி' என்று தொடர்ந்து காணின், போன வீட்டினுள் ஒருவன் நுழைந்தான் என்று உணரலாம்.

இதனினும் வலியது 2015ஆம் ஆண்டில் 4.0ஆம் பதிப்போடு வந்த 'காசான்'. நினைவகத்தின் ஒவ்வோர் எட்டுப் பைற்றுக்கும் ஒரு பைற்றைக் கணக்குக்கென ஒதுக்கி, ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எழுதும்போதும் அவ்விடத்தைத் தொடுதல் முறையோ என்று அது பார்க்கும். விலை சிறிதன்று. நினைவகத்தில் எட்டிலொரு பங்கு கழியும்; வேகமும் மூன்றிலொன்றளவாகக் குறைதலுண்டு. 2021இல் வந்த 'கேபென்ஸ்' என்பது எல்லாவற்றையும் பாராமல், இடையிடையே சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும். அதனால் அதன் விலை மிகச் சிறிது. நாடோறும் பயன்படும் கருவிலும் வைக்கலாம்.

மூன்றாவது, பூட்டுகளின் ஒழுங்கைக் காத்தல். ஆய்வுகூடத் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரொருவர் பதிவேட்டுக்காகக் காத்திருக்கின்றார். பதிவேட்டை வைத்திருப்பவர் திறவுகோலுக்காகக் காத்திருக்கின்றார். இருவரும் கைவிடாராயின் மாலை மணி அடித்தாலும் வேலை நடவாது. கருவினுள்ளும் இரு பணிகள் இவ்வாறு ஒன்றையொன்று தடுத்து நிற்பதுண்டு. இங்கோ மொல்னார் ஆக்கி 2006இல் 2.6.18ஆம் பதிப்போடு வந்த 'லொக்டெப்' என்னும் ஏற்பாடு, பூட்டுகள் எந்த ஒழுங்கில் எடுக்கப்படுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டே வரும். ஒழுங்கு ஒருமுறை மாறினாலும், தடை உண்மையில் நிகழுமுன்னரே எச்சரிக்கும்.

நான்காவது, அசைவற்றமை காணல். ஒரு பணி 120 செக்கன் வரை அசையாது காத்துக் கிடந்தால் அதனை அறிவிக்கும் தெரிவொன்று உளது. செயலியை ஒரே பணி 20 செக்கனுக்கு மேல் விடாது பிடித்திருந்தால் அறிவிக்கும் தெரிவு மற்றொன்று. திரை உறைந்து நின்றாலும், 'மஜிக் சிஸ்ஆர்கியூ' எனப்படும் தெரிவு இருக்குமாயின், விசைகள் சிலவற்றை ஒருசேர அழுத்தி, எழுதாது எஞ்சியவற்றை வட்டில் எழுதுவித்து, அதன்பின் கணினியை மீள இயக்கலாம்.

ஐந்தாவது, செய்தி எழுதுதல். கரு தன் செய்திகளை 0 முதல் 7 வரையான எட்டுத் தரங்களாக எழுதும். 0 என்பது பேராபத்து, 7 என்பது வழுத் தேடுவோர்க்குரியது. செய்திகளை வைக்கும் இடத்தின் அளவும் ஒரு தெரிவே. 17 என்று கொடுத்தால் இரண்டின் பதினேழாம் அடுக்காகிய 1,31,072 பைற்றுகள் கிடைக்கும். இடம் நிரம்பியதும் பழைய செய்தியின்மேற் புதியது எழுதப்படும். ஆதலின் இடஞ் சிறிதாயின், நாம் காண விரும்பிய முதற் செய்தியே அழிந்துபோம். 2008 முதல் கருவோடு வரும் 'எப்ட்ரேஸ்' என்பது, எந்தச் செயற்கூறு எப்போது இயங்கிற்று என்று தடம் பிடிக்கும். கேட்டாலன்றி அஃது ஏறக்குறையச் சும்மா இருக்கும்.

விலை அறிந்து வைத்தல்

இவற்றை எல்லாம் 'ஆம்' என்று வைத்தால் என்ன என்று மாணவர் கேட்பர். விலை நோக்கி இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். வட்டில் இடத்தை மட்டும் கொள்வன. கேட்கும்வரை சும்மா இருப்பன. ஒவ்வொரு கணமும் விலை கேட்பன. முன்னைய இரண்டையும் எக்கருவிலும் வைத்தல் நன்று. காசான், லொக்டெப் போன்ற மூன்றாம் வகையைச் சோதனைக் கருவில் மட்டுமே வைத்தல் தகும். ஆகவே ஒரே மூல நிரலிலிருந்து இரு கருக்கள் கட்டல் வேண்டும்: ஒன்று சோதனைக்கு, மற்றது சேவைக்கு. இரண்டும் மயங்காதிருக்க, 'லோக்கல்வேர்ஷன்' என்னும் தெரிவிலே ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயரிடலாம்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. சோதனைக் கரு மெல்ல நடப்பது. விரைவாக நடக்கும்போது இரு பணிகள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் வழு, மெல்ல நடக்கும்போது தோன்றாது மறையலாம். சோதனையிற் காணப்படாத வழு சேவையிலே தோன்றும் அந்நாளில், சேவைக் கரு முற்றிலும் ஊமையாயிருந்தால் யாது செய்வோம்? இவ்வினாவுக்கு விடையாகச் செவ்வாய்க் கிரகத்திலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலாம்.

செவ்வாயில் நிகழ்ந்தது

அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் பாத்பைண்டர் என்னும் கலம் 1997ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. அதன் கணினியில் இயங்கியது லினக்ஸ் அன்று. விஎக்ஸ்வேர்க்ஸ் என்னும் வேறொரு பணிசெயல் முறைமை. இறங்கிச் சில நாட்களில், வானிலைத் தரவுகளைச் சேர்க்கத் தொடங்கிய பின்னர், கணினி இடையிடையே தானே நின்று மீள இயங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய வேலை மறுநாளுக்குத் தள்ளப்பட்டது. பூமியிலிருந்து எவரும் சென்று பார்க்கக்கூடிய இடமன்று அது.

நிகழ்ந்தது இதுவே. வானிலைத் தரவைச் சேர்க்கும் பணி முதன்மையிற் றாழ்ந்தது. தரவைப் பங்கிடும் பணி முதன்மையில் உயர்ந்தது. இரண்டும் ஒரு பூட்டைப் பொதுவாகப் பயன்படுத்தின. தாழ்ந்த பணி பூட்டை வைத்திருந்த வேளையில், இடைப்பட்ட முதன்மையுடைய பணிகள் வந்து அதனைத் தள்ளிவிட்டுத் தாம் இயங்கின. தாழ்ந்தது இயங்க முடியாமையால் பூட்டை விடவில்லை. பூட்டு விடப்படாமையால் உயர்ந்தது காத்து நின்றது. செக்கனுக்கு எட்டு முறை நடக்கும் சுற்று ஒன்றில், உயர்ந்த பணி தன் வேலையை முடிக்கவில்லை என்று கண்ட மேற்பார்வைப் பணி, பெரும் பிழை நிகழ்ந்ததெனக் கொண்டு கணினியை மீள இயக்கிற்று.

இதற்கு மருந்து அம்முறைமையிலேயே ஒரு தெரிவாக இருந்தது. பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த பணியின் முதன்மையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் தெரிவு அது. வேகத்தை எண்ணி அது 'இல்லை' என்றே வைக்கப்பட்டிருந்தது.

காரணத்தை எங்ஙனம் கண்டனர்? ஆய்வுகூடத்தில் வழுத் தேடுதற்கென ஆக்கிய தடம் பிடிக்கும் வசதியை, கலத்துக்கு அனுப்பிய செய்நிரலிலிருந்து பொறியியலாளர் நீக்கிவிடவில்லை. எதனைச் சோதித்தோமோ அதனையே அனுப்புதல் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆதலின், பூமியில் வைத்திருந்த ஒத்த கணினியிலே அதே செய்நிரலைத் தடம் பிடிக்கும் வசதியோடு இயக்கி, அதே வழுவை மீண்டும் வரச்செய்து, தடத்தைப் பார்த்துக் காரணத்தை அறிந்தனர். பின்னர், மாற்ற வேண்டிய சிறு வேறுபாட்டை மட்டும் செவ்வாய்க்கு அனுப்பினர். வழு ஒழிந்தது.

இந்நிகழ்ச்சியில் இரு தெரிவுகள் உள. ஒன்று, சிறிது வேகத்துக்காக விடப்பட்டது. அது வழுவை விளைத்தது. மற்றொன்று, சிறிது பாரத்தைப் பொறுத்து வைக்கப்பட்டது. அது வழுவைக் காட்டிற்று. சேவைக் கருவிலும் பேசும் ஆற்றலை ஓரளவு வைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மாணவர்க்கு

கருவைக் கட்டிப் பார்க்க விரும்பும் மாணவர் சிலவற்றை மறவாதிருத்தல் வேண்டும். நன்றாக இயங்கும் பழைய கருவை ஒருபோதும் அழியாதீர்கள். கொன்பிக் கோப்பின் படியொன்றை நாளும் பதிப்பும் குறித்து வேறிடத்தில் வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு தெரிவையே மாற்றி, ஏன் மாற்றினேன் என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். ஐகேகொன்பிக், கோல்சிம்ஸ், சிஸ்ஆர்கியூ என்னும் மூன்றும் எக்கருவிலும் இருக்கட்டும். வட்டை வாசிக்கும் பகுதியை 'ஆம்' என்றே வைத்துத் தொடங்குங்கள்; என் அநுபவம் உங்களுக்கு வேண்டாம்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். எனக்கு வந்த அந்த இரண்டாங் கடிதம் ஒரு பக்கமே. ஆயினும் பல மாதங்கள் தனித்திருந்து கற்றும் பெறாததை அஃது எனக்குத் தந்தது. இங்கு பயிலும் மாணவரொருவர் தம் கொன்பிக் கோப்பை அனுப்பி ஐயம் வினவினால், ஒரு பக்கம் எழுதுதற்கு நேரம் ஒதுக்குவீர்களாக. அவர் அனுப்பும் கோப்பிலே பிழை இருக்கும். மறைக்காமல் அனுப்பினாரே என்று மகிழ்ந்து திருத்துவீர்களாக. வகுப்பறையில் நாங்கள் உங்களுக்குச் செய்ததும் அதுவே அன்றோ?

கல்லூரி அன்னை நீடு வாழ்க.